தலைகீழாய்த் தொங்கிய காசு

துருக்கியின் காஸியாந்தெப் நகரம், வியாழன் காலை 10.20.

"நடுக்காசு மாறிப்போச்சு!"

தங்கக் கடைத்தெருவில் இருந்த தன் வீட்டு வாசலில் ஹாஜர் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. உஸ்மானியத் தங்கக் காசுகள் ஐந்து தொங்கும் மாலை அது. நாலு காசு சாதாரணம். நடுக்காசு மட்டும் சுல்தான் பூர்சா நகருக்குப் போனபோது அங்கே அந்த ஊர்ப் பெயரோடு அடித்தது. தொங்கவிட வளையம் பற்றவைத்ததில் பாதி விலை போனாலும் மீதிக்கே ஒரு பிஸ்தா தோட்டம் வாங்கலாம் என்று போன வருடம் ஒரு மதிப்பீட்டாளர் சொல்லியிருந்தார். இன்று அதே ஆள் உதட்டைப் பிதுக்கினார். எடை சரி, தங்கமும் சரி. ஆனால் காசில் பூர்சாவின் பெயர் இல்லை, மற்ற நாலைப் போலத் தலைநகரின் பெயர்தான் இருந்தது.

பழி மருமகள் குலிஸார் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு மாலையைப் போட்டுப் போனவள் அவள்தானே!

"சாயங்கால பஸ்ல உங்கப்பன் வீட்டுக்குப் போயிடு!"

"சத்தியமா நான் எடுக்கல அத்தை."

11.05. இன்ஸ்பெக்டர் நெர்மின் எள் ரொட்டியைக் கடித்தபடி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் மாலை எங்க இருந்துச்சு?"

"ராத்திரி என் ரூம்ல," என்றாள் குலிஸார்.

"திங்கக்கிழமை இல்ஹாமி உஸ்தாகிட்ட பாலிஷுக்குக் குடுத்தேன். நேத்து வந்துச்சு," என்றாள் ஹாஜர். "அவரு முப்பது வருஷமா எங்க நகைக்காரர். அவரைச் சந்தேகப்படாதீங்க!"

நெர்மின் கல்யாணப் போட்டோவை வாங்கி மாலையின் பக்கத்தில் வைத்தாள். நடுக்காசின் எழுத்துப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். படத்தில் அது கீழே இருந்தது. மாலையில் மேலே இருந்தது. அவள் ரொட்டியை முழுசாகத் தின்று முடித்தாள்.

11.40. இல்ஹாமியின் கடை.

"வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு மேடம். பழைய எழுத்துல எனக்கு ஒரு அட்சரம் தெரியாது. எடை மட்டும்தான் தெரியும்."

அதில் அதிசயம் இல்லை. அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்து மூன்று தலைமுறை ஆன ஊர் எங்களுடையது.

"இந்தப் படத்துல இருக்கறதும் இதே காசுதானா, பார்த்துச் சொல்லுங்க."

இல்ஹாமி லென்ஸைக் கண்ணில் வைத்தார். சட்டென்று படத்தைத் திருப்பிப் பிடித்தார். குலிஸாரும் கல்யாணக் கூட்டமும் தலைகீழாக நின்றார்கள்.

"அப்படியே இருங்க உஸ்தா! படிக்கத் தெரியாதவருக்குப் படத்தை எதுக்குத் திருப்பணும்?"

இல்ஹாமி லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தக் காலத்துல யாரோ ஒருத்தர் படிக்கத் தெரியாம, தலைகீழா வளையம் வச்சுட்டார்," என்றாள் நெர்மின். "வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. குலிஸார் மாத்தியிருந்தா பழசைப் பார்த்து அப்படியேதான் வைக்கச் சொல்லியிருப்பா. படிக்கத் தெரிஞ்ச கைக்குத்தான் தப்பாத் தொங்கவிட மனசு வராது. நீங்க நேரா வச்சுட்டீங்க."

பூர்சா காசு கடையின் சர்க்கரைக் கிண்ணத்தின் அடியில் கிடைத்தது.

மதியம் 1.15. குலிஸாரை அனுப்பக் கட்டி வைத்திருந்த பெட்டியை ஹாஜர் தானே அவிழ்த்தாள். அழுதாள். "என் நாக்குல புண்ணு வர!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"புதுசா வளையம் வச்சு நேராக்கிடலாமா?" என்று கேட்டார், பூர்சா காசைப் பழையபடி மாலையில் கோர்த்த மதிப்பீட்டாளர்.

"யாரும் அதுல கை வைக்கக்கூடாது!" என்றாள் குலிஸார். மாமியார் முன்னால் இதுவரை இப்படிக் குரலுயர்த்திப் பேசியதே இல்லை அவள். "அது தலைகீழாத்தான் தொங்கும். நான் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல நடக்கறேன், எல்லாரும் பாக்கட்டும்!"

ஹாஜர் மாலையை மருமகள் கழுத்தில் மாட்டிவிட்டு, கடைத்தெரு முழுக்க அவள் பின்னாலேயே நடந்தாள்.