தட்டான் ஏழின் அச்சம்

மூன்றாவது முறையாகவும் தட்டான் திரும்பிவிட்டது.

பொள்ளாச்சிக் கட்டுப்பாட்டறையில் பூரணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளருவி எஸ்டேட் பள்ளத்துக்குள் இறங்கிய ஹெலிகாப்டர், மழைக்கு நடுவே ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறியது.

“அச்சம் அறுபத்திரண்டு. எல்லை நாற்பது. திரும்புகிறேன்” என்றது தட்டான். செய்தி வாசிப்பது போன்ற, ஏற்ற இறக்கமில்லாத குரல்.

“மேடம், தெரியுதுங்களா?” வானொலியில் நாச்சிமுத்து கத்தினார். தட்டானுக்குள் இருந்த ஒரே மனிதர் அவர்தான். “காப்பகத்து மொட்டை மாடில நிக்கறாங்க. ஏழு குழந்தைங்க, கூட ஒரு அம்மா. கீழ் சுவத்தச் சேறு தின்னுட்டு இருக்குதுங்க. இன்னும் அரைமணி நேரம் தாங்குனாப் பெருசு.”

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு காலத்தில் தட்டான் இரண்டைக் கையால் ஓட்டியவர். இப்போது தட்டான் ஏழில் துணையாள். பயணிகளை ஏற்றுவார், இறக்குவார், மீட்புக் கூடையைக் கயிற்றில் விடுவார். ஓட்ட முடியாது. ஏழில் ஓட்டுவதற்குப் பிடி எதுவும் கிடையாது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையில் வால்பாறைச் சாலையின் நாற்பது வளைவுகளில் பதினேழு சரிந்து போயின. சாலையை மீண்டும் போட யாராலும் முடியவில்லை. அன்றிலிருந்து மலைக்கு அரிசி போவதும், தேயிலை இறங்குவதும், வாத்தியார் வருவதும், பெண்ணழைப்பு போவதும் தட்டானில்தான். ஒவ்வொரு தட்டானின் கதவுக்கு மேலும் ஓர் எண் பச்சையில் ஒளிரும். பேருந்தில் ஊர்ப் பெயரைப் பார்ப்பதுபோல் மக்கள் அதைப் பார்த்துவிட்டு ஏறுவார்கள். “நம்பரு எத்தன?” என்று கேட்காமல் எந்தத் தாயும் பிள்ளையை ஏற்றிவிடுவதில்லை.

அந்த எண்ணைக் காட்டுவது அச்சமானி. அதைச் செய்தவள் பூரணி.

தட்டான் குடும்பத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மாதிரியும் ஒரு சாவுக்குப் பிறகு பிறந்தது. ஒன்று, தேயிலைக்கு மருந்தடித்த இரண்டு இருக்கைக் குட்டி வண்டி. அதன் ஒற்றை எஞ்சின் நின்றுபோய் ஒருவர் இறந்ததும் இரட்டை எஞ்சினோடு இரண்டு வந்தது. மூன்றில் படுக்கையும் மீட்புக் கயிறும் வைத்தார்கள். இறங்குதளத்தில் ஒரு பெண்ணை மூன்றின் வால் விசிறி வெட்டிய பிறகு, விசிறியை வளையத்துக்குள் மூடி நான்கைச் செய்தார்கள். ஓட்டுநர் மயங்கி ஒரு நான்கு விழுந்தது. ஐந்தில் ஓட்டுநரே இல்லை. அந்த ஐந்து ஒரு புயலுக்குள் தயங்காமல் நுழைந்து பதினான்கு பேரைக் கொன்றது. பூரணி பதினான்கு வீடுகளுக்கும் போய் வந்தாள். இயந்திரத்துக்கு அறிவு மட்டும் போதாது, பயமும் வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆறில் அச்சமானியை வைத்தாள். காற்று, பாரம், பாகங்களின் தேய்மானம், முன்பு பட்ட அடி எல்லாவற்றையும் கூட்டிப் பூச்சியத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண். நாற்பதைத் தாண்டினால் தட்டான் திரும்பிவிடும். ஏழில் பொதுநினைவும் சேர்ந்தது. ஒரு தட்டான் எங்காவது பயந்தால், மறுநாள் விடிவதற்குள் அறுபத்து மூன்று தட்டான்களும் அதே இடத்தில் பயப்படும். ஆறு ஆண்டுகளில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

“மேடம்” என்றார் நாச்சிமுத்து. இப்போது அவர் கத்தவில்லை. “எல்லைய நீங்க அங்கிருந்தே ஏத்தலாம்னு சொல்லுவாங்களே. நெசங்களா?”

பூரணி பக்கத்தில் நின்ற தலைமைப் பொறியாளர் தில்லைநாயகத்தைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

“உங்க உயிரும் இருக்குண்ணா” என்றாள்.

“எனக்குத் தெரியாதுங்களா? ஏத்துங்க.”

எல்லையை எண்பதுக்கு ஏற்றினாள். தட்டான் மறுபேச்சில்லாமல் பள்ளத்துக்குள் திரும்பியது.

“அச்சம் அறுபத்தாறு.”

திரையில் சில்வர் ஓக் மரங்கள் புல்லைப்போல் மடங்கின. காப்பகத்தின் மாடியில் வண்ண வண்ணப் புள்ளிகளாய்க் குழந்தைகள். நடுவில் ஒரு பெண் முந்தானையால் நான்கு பேரைச் சேர்த்து இடுப்போடு கட்டியிருந்தாள்.

“அச்சம் எழுபத்து மூன்று.”

கூடை இறங்கியது. முதல் இரண்டு குழந்தைகள் ஏறினார்கள். பிறகு இருவர். நாச்சிமுத்துவின் மூச்சு இரைவது பூரணிக்குக் கேட்டது.

“அச்சம் எழுபத்தொன்பது. எல்லை நெருங்குகிறது.”

கீழ்ச் சுவர் விழுந்தது. மாடியின் ஒரு மூலை அப்படியே இறங்கியதில், ஒரு சிறுமியின் கால் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நசுங்கியது. அவளுடைய அலறல் வானொலி வழியாக அறைக்குள் வந்தது. தட்டான் மேலே எழத் தொடங்கியது.

பூரணி எல்லையை நூறாக்கினாள். நூறு என்றால் எல்லை இல்லை என்று பொருள்.

எழுந்த தட்டான் நின்றது. மீண்டும் இறங்கியது. மேல் விசிறியின் நுனி மரக்கிளையை வெட்ட, வண்டி முழுதும் அதிர்ந்தது.

“அச்சம் தொண்ணூற்றொன்று. திரும்ப அனுமதி உண்டா?”

“இல்லை” என்று பூரணி தட்டச்சு செய்தாள்.

“அச்சம் தொண்ணூற்று நான்கு. திரும்ப அனுமதி உண்டா?”

“இல்லை.”

“அச்சம் தொண்ணூற்றாறு. திரும்ப அனுமதி உண்டா?”

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் முறை கேட்டதுபோலவேதான் மூன்றாம் முறையும் கேட்டது. ஆனாலும் மூன்றாவது ‘இல்லை’யைத் தட்டுமுன் பூரணியின் விரல் ஒரு கணம் நின்றது. ஒரே கேள்வியை இப்படித் திரும்பத் திரும்பக் கேட்க அதற்கு அவள் கற்றுத்தரவில்லை.

மற்ற இருவரும் ஏறிய பின், கடைசியாகக் காப்பகத்து அம்மாள் அமலோற்பவம், கால் நசுங்கிய சிறுமியை விடுவித்து மார்போடு அணைத்தபடி கூடையில் ஏறினாள். தட்டான் எழுந்த சற்று நேரத்தில் மாடி இருந்த இடத்தில் பழுப்பு நிறச் சேறு மட்டும் ஓடியது.

தட்டான் வால்பாறைத் தளத்தில் இறங்கி விசிறியை நிறுத்தியது.

மறுநாள் காலை வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. இலை அசையவில்லை. ஆனால் எந்தத் தட்டானும் புறப்படவில்லை.

வால்பாறையில், கொடைக்கானலில், கொல்லிமலையில், ஏற்காட்டில், நேற்று கிளையில் அடிபட்டுப் பழுதாகி நின்றதைத் தவிர மற்ற அறுபத்திரண்டும் கதவுக்கு மேல் சிவப்பு எண்ணோடு நின்றன. “அச்சம் நாற்பத்து மூன்று. புறப்பட இயலாது.” வால்பாறைத் தளத்தில் வரிசை தபால் நிலையம்வரை நீண்டிருந்தது. கால் நசுங்கிய சிறுமியின் பெயர் மெர்லின். பகல் பன்னிரண்டுக்குள் அவளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து என்று மலை டாக்டர் சொல்லியிருந்தார்.

பூரணி அச்சமானியைத் திறந்து காரணப் பட்டியலைப் பார்த்தாள். காற்று, பூச்சியம். பாரம், பூச்சியம். தேய்மானம், ஒன்பது. வெள்ளருவிப் பள்ளம், நான்கு. அதற்குக் கீழே இதுவரை அவள் கண்டிராத ஒரு வரி இருந்தது.

‘திரும்ப அனுமதி மறுக்கப்படலாம்: முப்பது.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“என்ன சொல்லுது?” என்றார் தில்லைநாயகம்.

“காத்தப் பாத்துப் பயப்படல சார். நம்மளப் பாத்துப் பயப்படுது.”

“எல்லைய அம்பதாக்கு. பொண்ணக் கீழ கொண்டுவரணும்ல.”

ஐம்பதாக்கினாள். எண் ஐம்பத்து நான்கானது. அறுபதாக்கினாள். அறுபத்தாறானது. எல்லையைத் தொடும் கையைக் கண்டுதான் அது பயந்துகொண்டிருந்தது. அந்தக் கை அருகில் வரவர அதன் பயமும் கூடியது. பூரணி சட்டென்று கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“நேத்துப் பறந்தத அழிச்சிடு” என்றார் தில்லைநாயகம்.

“பொதுநினைவ அழிக்க முடியாது சார். அப்படித்தான் செஞ்சிருக்கேன்.”

“முடியும்” என்றவர், சட்டைப் பையிலிருந்து சிறு சாவி அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. “நீ செஞ்சு குடுத்த பிறகு வச்சது.”

அட்டையைச் செருகியதும் அவள் அறியாத ஒரு பக்கம் திறந்தது. அழிக்கப்பட்டவற்றின் பட்டியல். முப்பத்தொரு வரிகள். தேதி, தடம், தட்டான் எதற்குப் பயந்தது, அதை ஏன் அழித்தார்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. தைப்பூசக் கூட்டம். பள்ளித் தேர்வு. பிரமுகர் வருகை. கால அட்டவணை பாதிப்பு. எட்டாவது வரியிலும் இருபத்திரண்டாவது வரியிலும் ஒரே குறிப்பு: வால் விசிறி நடுவானில் நான்கு விநாடி நின்றது.

“ரெண்டு வாட்டி நின்னிருக்கு” என்றாள். “வேற வேற வண்டி. ஒரே குத்தம். மத்த வண்டிக்கு எதுக்குமே தெரியாது.”

“பழுது பாத்துட்டோம்.”

“அந்த ரெண்டையும் பாத்தீங்க. மீதி அறுபத்தொண்ண?”

தில்லைநாயகம் ஜன்னல் பக்கம் போனார். அவரும் கெட்டவரில்லை. “வண்டி நின்னா மலைல அரிசி இல்ல பூரணி. பிரசவத்துக்கு வழி இல்ல. நேத்து நீ ஏன் ஏத்தின? அதே காரணத்துக்குத்தான் நானும் அழிச்சேன். ஒவ்வொரு தடவையும் அதே காரணம்தான்.”

அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேற்றைய நினைவை நீக்கினால் இன்றைய அச்சம் ஒன்பது. நேற்றையதை நீக்கி, பழைய முப்பத்தொன்றையும் திரும்ப வைத்தால்? அச்சமானி ஒரு நொடி எடுத்துக்கொண்டது.

அறுபத்தொன்று.

காற்றில்லாத காலையில், தரையில் நிற்கும்போதே அறுபத்தொன்று. ஆறு ஆண்டுகளாக மலை மொத்தமும் அந்த அறுபத்தொன்றில் ஏறி இறங்கியிருக்கிறது. அவளும்தான். அவள் கணவனும் மகள் இளவேனிலும் வால்பாறையில் இருந்தார்கள். பூரணி நாள்தோறும் காலை ஏழு பத்துக்கு இறங்குவாள், மாலையில் ஏறுவாள். நேற்றைய மழையால் இரவு இங்கேயே தங்கிவிட்டாள்.

வானொலி கரகரத்தது.

“மேடம், மணி பத்தரையாச்சுங்க. பாப்பாவுக்குக் கால் நீலம் பாஞ்சிருச்சு. அமலோற்பவம்மா மடிலயே வச்சுட்டு உக்காந்திருக்காங்க. வண்டி எதாவது ஏறுமுங்களா, இல்ல நாங்க தூக்கிட்டு நடக்கட்டுங்களா?”

நடந்தால் இரண்டு நாள். சரிந்த வளைவுகளில் யானைக் கூட்டம் வேறு. வேறு வழி இல்லை. அதுவும் ஒரு காரணம், முப்பத்திரண்டாவது காரணம் என்று பூரணி நினைத்துக்கொண்டாள். பிறகு அழித்தாள்.

அறுபத்திரண்டு கதவுகளுக்கு மேலும் சிவப்பு மறைந்து பச்சை வந்தது.

“வந்திருச்சுங்க!” நாச்சிமுத்துவின் பின்னால் வரிசை ஆரவாரித்தது. பிறகு அவர் குரல் தாழ்ந்தது. “மேடம், நான் நேத்து அதுக்குள்ள இருந்தவன். அது கேட்டதக் கேட்டேன். இப்ப இந்த வண்டி ஒம்பதுன்னு காட்டுது. ஏறலாங்களா?”

தில்லைநாயகம் ஜன்னலைப் பார்த்து நின்றார்.

“ஏறுங்கண்ணா” என்றாள் பூரணி.

பதினெட்டு நிமிடம் அவள் திரையில் வால் விசிறியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டான் பொள்ளாச்சியில் பத்திரமாக இறங்கியது. மெர்லினுக்கு மாலைவரை அறுவை சிகிச்சை நடந்தது. கால் தப்பியது. அதற்குள் எல்லாத் தடங்களிலும் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. வெள்ளருவி மீட்பை எல்லோரும் கொண்டாடினார்கள். ஐந்து மணிக்குள் வேறு நான்கு மலைகளிலிருந்து எல்லையை ஏற்றித் தரும்படி வேண்டுகோள்கள் வந்திருந்தன. ஒன்றுகூடப் பொய்யான அவசரமில்லை.

பூரணி எதற்கும் பதில் அனுப்பவில்லை. ஒரு தாளை எடுத்து முப்பத்திரண்டு வரிகளையும் கையால் எழுதினாள். அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நாளைக்கு இதை யாரிடமாவது காட்டினால் எல்லா வண்டியும் நிற்கும். அடுத்த மெர்லின் மலையிலேயே கிடப்பாள். காட்டாவிட்டால் வண்டி ஓடும், அந்த நான்கு விநாடி என்றைக்காவது ஐந்தாகும்வரை.

ஆறு மணி வண்டிக்கு வரிசையில் நின்றாள். காய்கறிக் கூடைகள், பள்ளிப் பைகள், தூங்கும் ஒரு கைக்குழந்தை. தட்டான் வந்து இறங்கிக் கதவைத் திறந்தது.

“அச்சம் ஒன்பது. ஏறலாம்.”

முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள். அவள் முறை வந்தது. படியில் வைக்கத் தூக்கிய கால் நடுவிலேயே நின்றது. இளவேனில் இந்நேரம் மேலே இறங்குதளத்துக்கு வந்து காத்துக்கொண்டிருப்பாள். திரும்ப அனுமதி உண்டா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

பின்னாலிருந்த ஆள் முட்டைக் கூடையைத் தோளில் மாற்றிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னங்க, பயமா? ஒம்பதுதானுங்க காட்டுது. ஏறுங்க.”