கழுவி வைத்த முகம்

ஷோகேஸில் இருந்த பொம்மைகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. காலையில் தூசி துடைத்தபோது நாமேதான் அப்படி வைத்திருப்போம் என்று தனப்பிரியா நினைத்துக்கொண்டாள். தூக்கம் கெட்டால் கை செய்வது தலைக்கு எங்கே தெரிகிறது? பத்து மாதக் குழந்தை நிலாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்று டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்துவிட்டார். கீழே இரண்டு அரிசிப்பல் எட்டிப் பார்த்ததோடு சரி, பிள்ளை வாடிய கீரைத்தண்டாகத் துவண்டு கிடந்தது. முதல் கரு தங்காமல் போய், தவமாய்த் தவமிருந்து பெற்றது. இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அவள் எழுந்து போய் எதையாவது துடைப்பாள்.

பொம்மைகள் புருஷன் தமிழரசு சேர்த்தவை. சின்ன வயதில் தேர்த்திருவிழாக் கடையில் அழுது கேட்டும் கிடைக்காத பிளாஸ்டிக் பூதங்களை, ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போகிற ஊரிலெல்லாம் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி வருவான். மூன்று கண் பூதம், பல்லிவால் பூதம், வயிற்றில் வாய் வைத்த பூதம்.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. போன வாரம் அவன் நடுத்தட்டில் வைத்துவிட்டுப் போன சிவப்பு முகம். தேங்காய் அளவு இருக்கும். கொம்பு, பிதுங்கிய கண், காதுவரை கிழிந்த வாய், வாய் நிறையப் பல். அது எதிரே தொங்கிய சேலைத் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் திறந்ததும் சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து டீசலும் அழுகிய எலுமிச்சையும் கலந்த வாடை வந்தது. போன வாரம் இருந்த முன்பல் நான்கைக் காணோம். சாயம் போயிருக்கும்.

மற்ற பொம்மைகளை ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாள். திரும்பி வந்தபோது மறுபடி எல்லாம் முதுகு காட்டி நின்றன.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டாமா? அவனுக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, அந்தச் செவப்பு மூஞ்சிய எங்கீங்க புடிச்சீங்க?"

"வண்டி ஒடைக்கிற எடத்துல புள்ள. ஒரு ரிக்கு வண்டி முன்னாடி கட்டியிருந்துச்சு. அந்தக் காலத்துச் சரக்கு."

"திருஷ்டிக்குக் கட்டுனதுங்களா?"

"ஆமா. கறுப்புக் கயிறு ஒரே நாத்தம். அறுத்து எறிஞ்சுபோட்டு சோப்புப் போட்டுக் கழுவி வெச்சேன். பளபளன்னு இல்ல?"

"ரோட்டப் பாத்துக் கட்டுனத ஊட்டுக்குள்ள பாக்க வெச்சுப்போட்டீங்களே! ஊருக் கண்ணெல்லாம் வாங்குனதுங்க அது."

"வெறும் பிளாஸ்டிக்கு. உங்கொம்மா மூஞ்சிக்கு அது தேவல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கழட்டறப்ப அந்த வண்டிக்காரங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"சொல்றதுக்கு யாரு இருக்கறா? அந்த வண்டில போனவங்க ஒருத்தரும் திரும்பல."

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. வெண்ணந்தூர்த் தெரு முழுக்க நாளெல்லாம் கடகடத்த தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பொழுது சாயும் நேரம். அந்த அமைதியில் அது கேட்டது. நறநற. யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம்.

போனைக் கீழே போட்டுவிட்டு அந்த முகத்தைப் பிடுங்கினாள். அதன் உச்சியில் இருந்த வளையத்துக்குள் கயிற்றைக் கோத்தாள். குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த கறுப்பு அரைஞாண் கயிறுதான் கைக்குக் கிடைத்தது. வெளியே ஓடி, வாசல் கேட்டில் தெருவைப் பார்க்கக் கட்டினாள். இறுக்கி மூன்று முடிச்சு. மூச்சு வந்தது. இனி அது வெளியே பார்க்கட்டும்.

முன்னால் வந்து நின்று பார்த்தாள்.

வாயில் ஒரு பல்லும் இல்லை. விரலால் தடவினாள். குழந்தையின் ஈறு மாதிரி வழுவழு என்றிருந்தது.

நறநற.

வீட்டுக்குள்ளிருந்து.

ஓடினாள். ஷோகேஸில் நடுத்தட்டு காலி. மற்றவை இன்னும் சுவரைப் பார்த்தே நின்றன. அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து திரும்பியவை என்றால், இப்போது எதற்கு?

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. டீசல் வாடை.

"நிலா... சாமி... அம்மா வந்துட்டன்டா."

சத்தம் நின்றது.

சேலையை விலக்கினாள். உடம்பு தொட்டால் குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. காதுவரை. வாய் நிறையப் பல்.