தூளியில் ஒரு பவளம்

"இதுவா பவளம்? கல்லு மாதிரி இருக்கும்னு பார்த்தா, வெந்த காளான் மாதிரி இருக்குதே!" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள்.

"மென்பவளம் அத்தை. உசுரு இருக்குது, தொடாதீங்க!" என்று பதறினாள் ஏலவார்குழலி.

அதற்குள் அத்தையின் விரல் கண்ணாடித் தொட்டிக்குள் போய்விட்டது. பவளம் சுருக்கென்று சுருங்கியது. அத்தை பயந்து கையை வெடுக்கென்று இழுத்தாள். வளையல் மாட்டி, பவளம் கல்லிலிருந்து பிய்ந்து விழுந்தது.

"ஐயையோ! சும்மா தொட்டதுக்கேவா?"

குழலிக்கு அழுகை வந்தது. மண்டபம் கடற்கரையில் படகு ஓட்டும் கண்ணாயிரம் மாமா கொடுத்த பவளம் அது. தொட்டியில் மாற்றி ஊற்ற ஒரு பெரிய ஜாடி நிறையக் கடல்தண்ணீரும் கொடுத்திருந்தார்.

அவள் அப்பா சீனிவாசன் தறி மிதித்தால் தரை அதிரும். தொட்டித் தண்ணீர் சிலிர்க்கும். பவளம் தன் குட்டி விரல்களை விரித்து ஆடும். கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் வீடே கடலுக்கடியில் இறங்கிவிடும். தறியில் நீளமாக விரித்த பாவு நூலெல்லாம் பாசி. நடுவே நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாக்கட்டை ஒரு வெள்ளிமீன்.

"நைனா, கல்லைப் பிடிச்சிக்கினு இருந்தாத்தான் அது பிழைக்குமாம்."

"கட்டிட்டாப் போச்சு! பவளம்னா சும்மாவா? ஜரிகையாலயே கட்டுவோம்" என்றார் அப்பா. இறுக்கிக் கட்டினார்.

இரண்டு நாள் போனது. தறி ஓடியது, தண்ணீர் சிலிர்த்தது. பவளம் ஆடவில்லை. துவண்டு கிடந்தது.

குழலி குனிந்து பார்த்தாள். ஜரிகை பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. ஜரிகையில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. எங்கேயோ பார்த்த பச்சை.

"அம்மா, செப்புச் சொம்புல ஏன் புளித்தண்ணி ஊத்தி வெக்க மாட்டே?"

"பச்சையாக் களிம்பு ஏறும்டி. விஷம்."

"உப்புத் தண்ணி?"

"அதுவும்தான்."

"நைனா, ஜரிகையில செம்பு இருக்குதா?"

தறி நின்றது. "என் ஜரிகை அசல் வெள்ளி!" என்றார் அப்பா. தலையைச் சொறிந்தார். "கொஞ்சூண்டு செம்பும் இருக்குதுமா."

குழலி ஜரிகையை வெட்டி எறிந்தாள். ஜாடியிலிருந்த கடல்தண்ணீரை ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றினாள்.

"சாயம் ஏத்தாத பட்டுநூல் குடு நைனா."

"இறுக்கிக் கட்டு, வழுக்கும்."

"இறுக்கினா வலிக்கும். நான் தூளி கட்டப் போறேன்."

மேலும் கீழுமாக நூலை விட்டுப் பவளத்தையும் கல்லையும் சேர்த்துத் தளர்வாகப் பின்னினாள்.

"தாலாட்டும் நீயே பாடுவியா?" என்று அம்மா சிரித்தாள்.

"நைனாவோட தறி பாடும்."

செல்லியம்மாள் தினமும் வந்து எட்டிப் பார்த்தாள். "வளையலைக் கழட்டி வெச்சிட்டுத்தான் வந்தேன்மா" என்று இரண்டு கையையும் காட்டுவாள். பவளம் மட்டும் அசையவில்லை.

ஒரு மத்தியானம், கண்ணாடியில் கன்னம் வைத்தபடியே குழலிக்குக் கண் சொக்கியது. தறிச் சத்தம் எங்கேயோ தூரத்து அலைபோலக் கேட்டது. பாதித் தூக்கத்தில் ஒரு குட்டி விரல் விரிவதைப் பார்த்தாள். கனவா? கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். இன்னொரு விரல் விரிந்தது. பிறகு இன்னொன்று. அடியில் பவளம் கல்லைப் பற்றியிருந்தது. பட்டுத் தூளிக்குள் அது ஆடியது!

அப்பா தறியிலிருந்து எழுந்தார். ஆட்டம் நின்றது.

"ஏன் எழுந்துட்டே நைனா?"

"பசிக்குதுமா!"

குழலி ஓடிப்போய்ச் சோற்றுக் கிண்ணத்தோடு வந்தாள். "உட்காரு, நான் ஊட்டுறேன். நீ தறியை நிறுத்தாதே!"

அப்பா ஆ காட்டினார். தறி ஓடியது. ஒரு வாய்ச் சோற்றுக்கு ஓர் அலையாக, பவளம் ஆடிக்கொண்டே இருந்தது.