நாலாவது போல்ட்

காலை ஆறு மணிக்குப் பேச்சித்தாய் வருவாள். வாசல் பெட்டியில் கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்கும். அதிலிருந்து ஒரு மணி நேரம் அவள் எங்களுக்கு. அதற்கு ஆள்நேரம் என்று பெயர்; அரசாங்க இலாகா கொடுப்பது. பிரகாசியைத் துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, மறுபக்கம் திருப்பிப் படுக்க வைப்பாள். மத்தியானமும் சாயந்திரமும் மறுபடி வருவாள்.

என் பெண்டாட்டி பிரகாசி படுக்கையில் விழுந்து மூன்று வருஷம். துறைமுகத்தில் மெஷின் வருவதற்கு முந்தி மூட்டை தூக்கியவன் நான். இடது தோள் அதிலேயே போய்விட்டது. ஒற்றைக் கையால் அவளைத் திருப்ப முடியாது. திருப்பாமல் விட்டால் புண் எலும்புக்குப் போகும், பிறகு ஆளே இருக்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஐம்பத்தைந்து இஞ்ச் டி.வி. ஒன்று வந்தது. அனுப்பியது நார்வேயில் இருக்கும் மகள் ஜெனிட்டா. கேட்காமல் வருகிற எதையும் நான் நம்புவதில்லை. மாட்ட வந்தவன் பெயர் இசக்கிராஜ். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் டிரில்லரை வைத்தான்.

"டி.வி. இல்ல பெரியவரே, உறவுத்திரை. மக முகம் எந்நேரமும் இருக்கும். கேட்டா பதில் சொல்லும்."

"அவளா பேசுவா?"

"குரல் அவங்களது. பேசுறது மெஷின்."

"அப்புறம்?"

"நாலு போல்ட்டும் இறுகினா பிராக்கெட்டே இலாகாவுக்குத் தகவல் சொல்லிரும். மக கூட இருக்கான்னு பதிவாயிரும்."

"பேச்சித்தாய்?"

அவன் பிராக்கெட் மேல் வைத்த ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆளில்லாதவங்களுக்குத்தானே ஆள்நேரம்."

கழற்றிக்கொண்டு போ என்றேன். அனுப்பியவர் சொன்னால்தான் கழற்றலாமாம். மகளுக்கு போன் போட்டேன். "எல்லாரும் இதைத்தான்பா செய்றாங்க" என்று வைத்துவிட்டாள்.

நாலாவது ஓட்டையில் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. உப்புக்காற்று தின்ற சுவர். சிமெண்ட்டை அடைத்து ஸ்பேனரை என்னிடம் கொடுத்தான். "ரெண்டு நாள் காயட்டும். நீங்களே இறுக்கிருங்க" என்றவன், வாசலில் நின்று, "இறுக்குறது உங்க இஷ்டம்" என்றான்.

நான் இறுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இலாகாவிலிருந்து போன்.

"சிமெண்ட் இன்னும் காயலையா?"

"கடற்கரை ஊரு சார். ஏசி ரூம்ல இருந்தா தெரியாது."

பேச்சித்தாய் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அண்ணாச்சி, நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் உங்க சிமெண்ட்டு காயக்கூடாது, பாத்துக்கிடுங்க."

அன்றைக்குச் சாயந்திரம் அவள் போன பிறகு பிரகாசி கூப்பிட்டாள்.

"அந்த போல்ட்டை இறுக்குங்க."

"ஏட்டி, புத்தி கெட்டுப் போச்சா? அது ஜெனிட்டா இல்ல."

"தெரியும். போட்டோவும் ஜெனிட்டா இல்லதான். நாம பாக்கலையா?"

"போன்ல பாரேன்."

"போன்ல மூஞ்சி நகம் அளவு. என் கண்ணுக்கு எங்கே தெரியுது? அவளை நேர்ல பாத்து ஆறு வருஷமாச்சு. இந்தக் கறுப்புக் கண்ணாடியில நான் கிடக்கிறதுதான் நாள் பூரா தெரியுது. திருப்பித் திருப்பிப் போட்டு என்னத்தைப் பாக்கப் போறேன்?"

இரண்டு நாள் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் இறுக்கினேன்.

சுவர் நிறைய ஜெனிட்டா. "அம்மா" என்றாள். பிரகாசி அழுதுகொண்டே சிரித்ததை நான் பார்த்தேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவு திறக்கவில்லை. வெளியே பேச்சித்தாய் குரல். "அண்ணாச்சி, என் விரலைத் தெரியலங்குது."

உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டேன். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆள்நேரம் இல்லாத வீட்டில் கால் வைத்தால் அவள் வேலை போய்விடும். கட்டிலை எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மணிக்குச் சுவர் பேசியது. "அப்பா, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைங்க. நேரமாச்சு."

விரிப்பைப் பிடித்து இழுத்தேன். முழங்காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து வலது கையால் நெம்பிப் பார்த்தேன். அரை அடி நகர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடி அதே இடத்தில் விழுந்தாள்.

"ஆச்சாப்பா?" ஜெனிட்டா முகம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிரகாசி என் கையைப் பிடித்தாள். ரகசியமாகச் சொன்னாள்: "ஆச்சுன்னு சொல்லிருங்க. பிள்ளை வருத்தப்படும்."

"ஆச்சு" என்றேன்.