வேப்பிலைக்குள் இருந்த பூஞ்சை

“ஐயோ! தட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கு!”

தினேஷ் கத்திய கத்தலில் ஆறாம் வகுப்பே ஆய்வகத்துக்கு ஓடிவந்தது.

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நன்றாகக் கழுவிய வேப்பிலையில் கிருமி இருக்காது என்று காட்டுவதுதான் அவர்கள் திட்டம். கிருமிகள் வளர்வதற்கான கூழ் ஊற்றிய இரண்டு தட்டுகளை ஜலஜா டீச்சர் கொடுத்திருந்தார். கழுவிய இலையை முதல் தட்டில் அழுத்தி எடுத்தார்கள். பிறகு அதே இலையை நறுக்கி, இரண்டாம் தட்டில் வைத்து மூடினார்கள். இரண்டாம் தட்டில்தான் இப்போது சாம்பல் நிறப் பஞ்சு போல ஏதோ வளர்ந்திருந்தது.

“இலையைக் கழுவினது சபீனாதானே? சரியாவே கழுவல. எல்லாம் போச்சு!” என்றான் தினேஷ்.

சபீனாவின் கண்கள் கலங்கின. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வகுப்புத் தோழி சாருலதாவின் பக்கத்து வீடு அவளுடையது. அதனால், வீட்டில் பேசுவது உருது என்றாலும் அவளுக்குத் தமிழ் நன்றாக வரும்.

“டீச்சர் சொன்ன மாதிரியே மருந்துத் தண்ணியில மூணு தடவை கழுவினேன், சாரு. நம்பு!”

தினேஷ் தட்டைக் குப்பைக்கூடைக்கு எடுத்துப் போனான்.

“இரு, இரு!” சாருலதா அதைப் பிடுங்கி, பூதக்கண்ணாடியால் உற்றுப் பார்த்தாள். பிறகு முதல் தட்டை எடுத்தாள். “கழுவினது சரியில்லன்னா இதுலயும் வளர்ந்திருக்கணுமே?”

அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

“அப்ப இந்தப் பூஞ்சை வானத்துலேருந்தா குதிச்சுது?” என்றான் தினேஷ்.

“இலைக்குள்ளேருந்து! நறுக்கின ஓரத்துல மட்டும்தான் வளர்ந்திருக்கு, பாரு.”

ஜலஜா டீச்சரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“சரியாச் சொன்னே! சில பூஞ்சைகள் செடிக்குக் கெடுதல் பண்ணாம அதுக்குள்ளேயே குடியிருக்கும். அதுல சிலது பாக்டீரியாவை வளரவிடாத பொருளைக்கூட உண்டாக்கும். இது எப்படின்னு பார்த்துடலாமா?”

“ஹவ், டீச்சர்! பார்த்துடலாம்!” கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் குரல் கொடுத்தவள் சபீனாதான்.

தயிரில் இருக்கும் பாக்டீரியாவைப் புதிய தட்டு முழுக்கத் தடவினார்கள். அந்தப் பூஞ்சையில் ஒரு துணுக்கை டீச்சர் நடுவில் வைத்தார். அதன்பின் தினேஷ் ஒரு நாளைக்கு ஆறு முறை ஆய்வகத்தை எட்டிப் பார்த்தான்.

நான்காம் நாள் தட்டெங்கும் பாக்டீரியா வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சையைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிவான ஒரு வளையம்! பாக்டீரியாவால் அங்கே நெருங்கவே முடியவில்லை.

கண்காட்சியில், நடுவராக வந்த விஞ்ஞானி வேணுகோபால் அந்தத் தட்டின் முன் பத்து நிமிடம் நின்றார். பக்கத்து மேசையின் காகித எரிமலை, வெடிக்கலாமா வேண்டாமா என்று காத்துக்கிடந்தது.

முதல் பரிசு அறிவித்ததும் வகுப்பே துள்ளியது. கோப்பையை வாங்க சபீனாவை முன்னால் தள்ளினாள் சாருலதா. சபீனா அதைத் தலைக்கு மேலே தூக்கியபோது, எல்லோரையும்விட உரக்க விசிலடித்தவன் தினேஷ்.