செவ்வாயில் கோழிகளுக்குத் தண்ணீர்

செவ்வாய்க் கோளின் வடக்குக் குடியிருப்பில் குளிர்காலம் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அமலோற்பவம் காலையில் பல் துலக்கிய கையோடு எடுப்பது சுத்தியலைத்தான். கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமே!

கோழிக்கூடம் குடியிருப்பின் வெளிவளையத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மைனஸ் தொண்ணூறு டிகிரி. இந்தப் பக்கம் மைனஸ் எட்டு. அறுபது கோழிகளும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து அந்தக் குளிரைத் தாங்கிவிடும். தண்ணீர்தான் தாங்காது. வெந்நீராக ஊற்றினாலும் இரண்டு மணி நேரத்தில் தொட்டி கல்லாகிவிடும். உடைத்து, அள்ளி எறிந்து, மறுபடி ஊற்ற வேண்டும். தண்ணீர் குடிக்காத கோழிக்குத் தீனி இறங்காது, முட்டையும் வராது. பூமியிலிருந்து அடுத்த கப்பல் வர நான்கு ஆண்டுகள் இருந்தன. அதுவரை இருநூறு பேருக்கும் முட்டை தர இந்த அறுபதுதான்.

அமலோற்பவம் தொட்டியைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டிப் பார்த்தாள். தண்ணீரில் பந்துகளை மிதக்கவிட்டுப் பார்த்தாள். பந்துகளும் சேர்ந்து உறைந்தன. தொட்டிக்கு அடியில் வைக்க ஒரு சூட்டுத்தட்டு கேட்டு மூன்று முறை மனுப்போட்டாள். வெப்பம் கைவசம் இல்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

அன்று காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

செவலைக் கோழி ஒன்று தொட்டியின்மேல் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் உறைந்துகொண்டிருந்த நேரத்தில் அது தலையைக் குனிந்திருக்க வேண்டும். அலகும் கழுத்துத் தாடியும் பனிக்கட்டிக்குள் மாட்டியிருந்தன. சுற்றிலும் பிய்ந்த இறகுகள். மற்ற கோழிகள் சத்தமே போடாமல் மூலையில் நின்றன.

அவள் அழவில்லை. தொட்டியைக் கவிழ்த்து, பனிக்கட்டியைக் கோழியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியில் பார்த்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். அவள் சபைக் கூடத்துக்குப் போய், ஊர்த்தலைவர் மாசிலாமணியின் மேசைமேல் அதை வைத்தாள்.

"அடப்பாவமே!" என்று அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்னம்மா இது?"

"உங்க பதிலுதான் அண்ணாச்சி. மூணு மனுவுக்கும் சேத்து."

"மனசு கேக்கல, நெசமாச் சொல்லுதேன். ஆனா என்ன செய்யச் சொல்லுதிய? ஒரு சொட்டு வெப்பம்கூட மிச்சமில்லியே."

"எங்க போவுதுன்னு வெப்பக்காவலனைச் சொல்லச் சொல்லுங்க."

வெப்பக்காவலன் என்பது அணுவுலையின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஊருக்குப் பங்கிட்டுத் தரும் இயந்திர மூளை. பொய் சொல்லும் வசதி அதற்கு வைக்கப்படவில்லை.

"பாதி, வீடுகளை முப்பது டிகிரிக்குச் சூடாக்கப் போகிறது" என்றது சுவரிலிருந்து வந்த குரல். "மீதியில் பெரும்பகுதி, அதே வீடுகளின் படுக்கையறைகளைப் பதினெட்டு டிகிரிக்குக் குளிர்விக்கப் போகிறது."

அமலோற்பவத்துக்குத் தான் கேட்டது சரிதானா என்று புரியவில்லை. "குளிர்விக்கவா? எதுக்கு?"

"போர்வைகளுக்காக" என்றது குரல்.

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாசிலாமணிதான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ஏசியப் போட்டு, கழுத்து வரைக்கும் கம்பளியப் போத்துனாத்தான் எனக்குத் தூக்கம் வரும். எங்கப்பாவுக்கும் அப்படித்தான். பூமியில இருந்து வந்த பழக்கம். அத எப்படி விட முடியும்?"

"வெளிய மைனஸ் தொண்ணூறு அண்ணாச்சி!"

"அது வெளிய உள்ள குளிருல்லா."

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். பழுதுபார்க்கும் இசக்கிராஜ், அவளைத் தினமும் 'அக்கா' என்று கூப்பிடுகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தக் குளிர்காலம் மட்டும் ஏசிய நிறுத்திருவோம். சரின்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றாள். செத்த கோழியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையைக் கண்ணிலேயே வைத்திருந்தார்கள். தூக்கிய கை அவளுடையது ஒன்றுதான்.

பனிக்கட்டி உருகி மேசையிலிருந்து சொட்டியது. கோழியின் தலை மெல்ல விடுபட்டுச் சாய்ந்தது.

"அக்கா" என்று இசக்கிராஜ் மெதுவாகச் சொன்னான். "ஏசி பின்பக்கம் தள்ளுத சூட்டுக்காத்து சும்மாத்தான வெளிய போவுது? அத எல்லாம் ஒரு குழாயில சேத்து, தொட்டிக்கு அடியில விட்டா?"

மூன்று நாளில் குழாய் போட்டு முடித்தான். நான்காம் நாள் அமலோற்பவம் தொட்டிக்குள் விரலை விட்டாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கோழிகள் முண்டியடித்துக் குடித்தன. ஒவ்வொன்றும் தலையை உயர்த்தி உயர்த்தி விழுங்குவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பத்து நாளில் முட்டை பழையபடி வரத் தொடங்கியது.

ஊரே மகிழ்ந்தது. தங்களுக்கு இவ்வளவு இரக்கம் உண்டென்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. "கோழிங்களுக்காக" என்று சொல்லிச் சிலர் பதினாறு டிகிரிக்கு இறக்கி, இரண்டாவது கம்பளி வாங்கிக்கொண்டார்கள். பகலிலும் ஏசி ஓடியது.

இருபதாம் நாள் அமலோற்பவத்தைச் சபைக்கு வரச் சொன்னார்கள். பாராட்டத்தான் என்று நினைத்துப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். கூடம் நிறைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"கோழிகளின் குடிநீருக்கு வெப்பம் தராத வீடு ஒன்று உள்ளது" என்றது வெப்பக்காவலன். "அது கோழிக்கூடத்தை அடுத்த வீடு. அங்கே ஏசி பொருத்தப்படவே இல்லை."

மாசிலாமணி அவளை வருத்தத்தோடு பார்த்தார். "வாயில்லாத சீவன்ம்மா. ஊரே அதுகளுக்காக நடுங்கிட்டுக் கெடக்கு. நீங்க மட்டும் கதகதன்னு படுத்துத் தூங்குதியளே! உங்களுக்கு மனசே இல்லையா?"

அன்று கண்ணைத் துடைத்த பெண்கள் இன்று அவளை அருவருப்போடு பார்த்தார்கள்.

"கோழிப் பொறுப்ப இப்படிப்பட்டவங்க கையில எப்படி விடுறது?" என்றாள் ஒருத்தி.

மறுநாள் காலை இசக்கிராஜ் அவள் வீட்டுச் சுவரில் துளை போட்டான். ஏசியை மாட்டி, துடைத்துவிட்டு, ஏணியிலிருந்து கூச்சத்தோடு கேட்டான்:

"எத்தனையில வைக்கட்டும் அக்கா? மனசுள்ளவங்க எல்லாம் இப்போ பதினாலுல வைக்காங்க."