நாலாவது சக்கரம்

நான்கு பேர் தள்ளியும் அந்தக் கார் அரை அங்குலம்கூட நகரவில்லை. பதினான்கு வருஷம் தகர ஷெட்டுக்குள் நின்ற வண்டி, பிரேக் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று சொல்லிவிட்டு இழுவை வண்டிக்காரர் கைகளை உதறினார். அதுவரை ஷெட் வாசலிலேயே நின்றிருந்த பெரியவர், காரை விற்றவர், அப்போதுதான் மெல்ல நடந்து வந்தார். டிரைவர் பக்கத்து ஜன்னலில் குனிந்து, கண்ணாடிக்கு மேலிருந்த விரலளவு சந்தில் வாயை வைத்து, "விடும்மா, போதும்" என்றார்.

உள்ளே எங்கோ ஒரு ஸ்பிரிங் முனகியது. கார் தானாகவே ஒரு அடி உருண்டது.

"வண்டிகிட்ட என்ன ஒரு மரியாதை! இது என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா எனக்கு சோறு கிடையாது" என்று இழுவை வண்டிக்காரர் சிரித்தார். காரை வாங்கியவனும் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

காரை வாங்கியவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்று, பத்து மாடிக்கு மேலே இருக்கிற ஆளோடு கத்திக் கத்தியே வேலை செய்கிறவன். மேலே இருப்பவனின் முகம் தெரியாது, குரல்தான் ஆள். 'ஏத்து' என்றால் ஏற வேண்டும், 'நிறுத்து' என்றால் நிற்க வேண்டும். இப்படி ஒரு பழைய காரை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, தன் கையாலேயே பழையபடி ஆக்கி, மனைவியையும் மகளையும் உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்பது அவனுடைய பல வருஷ ஆசை.

அவன் வீட்டு ஷெட் சின்னது என்பதால், வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவிலேயே, முகப்பு வீட்டைப் பார்க்கக் காரை நிறுத்தியிருந்தான். ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்துபோயிருந்தது. அதனால் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து இரண்டு மரக்கட்டைகள்.

"அந்தக் கட்டை எனக்கு வேணும்ப்பா. பொம்மைக்கு வீடு கட்டணும்" என்றாள் மகள். ஆறு வயது. கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதால் அவள் பெயர் சுண்டெலி.

"தொட்டே, வாலை நறுக்கிடுவேன்."

மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "சீட்டுல ஆள் இல்லாம நீங்க அதுக்கு அடியில படுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினான்.

வாரக்கணக்கில் கழற்றினான். மக்கிப்போன சீட்டுப் பஞ்சும் எலி மூத்திரமும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை குளித்த பிறகும் விரலிடுக்கில் நின்றது. உள்ளே எங்கும் ஒரு விரற்கடைத் தூசி, ஸ்டீயரிங்கில் ஒட்டடை, மிதியடியில் செத்த பூச்சிகளின் ஓடுகள். பிரேக் பெடலின் ரப்பரில் மட்டும் தூசி இல்லை. தினமும் மிதிபட்டது போல நடுவில் தேய்ந்து, கறுப்பாக, பளபளவென்று இருந்தது. துணியால் ஒருமுறை தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில், என்று நினைத்துக்கொண்டான். வெயில் அந்தப் பக்கம் விழுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரேக்கில் காற்று எடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, அடியில் இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்தால், காற்றுக் குமிழோடு ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மனைவி உட்கார்ந்தாள்.

"அமுக்கு."

"ம்."

"பிடி."

"ம்."

"விடு."

"இந்த அதிகாரத்தையெல்லாம் லிஃப்ட் ஆபீஸோட வச்சுக்கோங்க" என்றாள்.

மூன்று சக்கரங்கள் முடிந்தன. நாலாவது டிரைவர் பக்கத்து முன்சக்கரம், மிதிக்கிற காலுக்கு நேர் கீழே. அதன் நிப்பிள் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினான். காதில் இரும்புச் சத்தம் மட்டும்.

"அமுக்கு."

"ம்."

கொஞ்சம் தாமதமாக வந்தது. தொண்டை வறண்டவள் போல.

"பிடி."

"ம்."

ஆயில் வந்தது. கறுப்பாக, கெட்டியாக. குமிழே இல்லை. இவ்வளவு சீராக அவள் இதுவரை அமுக்கவில்லை. நிப்பிளை மூடிவிட்டு, 'விடு' என்று சொல்ல வாயெடுத்தவன், வீட்டுக்குப் பின்னாலிருந்து மனைவி மகளைத் திட்டும் சத்தத்தைக் கேட்டான்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து.

முதுகு தரையில் உரச வெளியே வந்தான். சீட்டில் யாரும் இல்லை. பெடல் அமுங்கியிருந்தது.

துணிக்கொடியில் மனைவி கடைசிச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். "மெஷின் நின்னுடுச்சு, துணி காயப்போட்டுட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்? நீங்கதான் டங்கு டங்குன்னு தட்டிட்டிருந்தீங்க. ஏன், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

அவன் வீட்டுக்குள் போனான். பெரியவருக்குப் போன் செய்தான்.

"எந்தச் சக்கரம்?" பெரியவர் கேட்டது அதைத்தான்.

"டிரைவர் பக்கம், முன்னாடி."

பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அதுலதான் நானும் நிறுத்தினேன். என் வீட்டுக்காரிதான் உக்காந்திருந்தா. பிடி, நான் சொல்ற வரைக்கும் விடாதேன்னேன். யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போயிட்டேன். பேச்சு வளந்துடுச்சு, தம்பி. அரை மணி நேரம். வந்து பாத்தா, உக்காந்தபடியே போயிட்டா. கையெல்லாம் ஜில்லுனு இருக்கு. கால் மட்டும் பெடல்லயே. மூணு பேர் சேந்துதான் எடுத்தோம். சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டா."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

"இப்ப நான் என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். விடச் சொன்னா விட்டுடுவா. யார் சொன்னாலும் கேப்பா." போன் வைக்கப்பட்டது.

இந்தக் கார் இனி இங்கே வேண்டாம் என்று முடிவு செய்தான். இழுவை வண்டிக்காரர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அவர் கொக்கியை மாட்டிய பிறகு, எல்லோரும் தள்ளி நிற்கும்போது, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அதுவரை யாரும் காரின் பக்கம் போகக் கூடாது. மனைவியிடமும் மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான்.

நாலே முக்காலுக்குக் கருவிப் பெட்டியை மூடப் போனான். இருபது வருஷப் பழக்கம், மூடும் முன் எண்ணிப் பார்ப்பது. குழியில் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்தால் ஒரு ஆள் சாவான் என்று முதல் நாளே சொல்லித்தந்திருந்தார்கள். எண்ணினான். ஒன்று குறைந்தது.

நிப்பிளிலேயே மாட்டியிருந்தது.

விட்டுவிடலாம். ஆனால் காரை இழுக்கும்போது அது எங்காவது சிக்கினால்? இரண்டே நிமிஷம். ஆள் இல்லாமல் அடியில் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

ஆள் இருந்தது.

முன்சக்கரத்துக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து உள்ளே நகர்ந்தான். ஆயில் வாடை. தலைக்கு மேலே பெடலின் இரும்புத் தண்டு, அமுங்கியபடி. மெல்ல, மிக மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் தம் கட்டி நிற்கிற கால் நடுங்குவது போல. அவன் அதைப் பார்க்கவில்லை. ஸ்பேனரைத் தொட்டான். கழற்றினான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே நகர்வதற்காகத் தலையைத் திருப்பினான்.

பின்சக்கரங்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் சரிவு. அதற்குப் பின்னால் தெரு.

கட்டைகள் இல்லை.

சரிவின் ஓரத்தில், புல்மேல், இரண்டு கட்டைகளையும் சாய்த்துவைத்துக் கட்டிய சின்ன வீடு. வாசலில் ஒரு பொம்மை.

அசையாதே. மூச்சு விடாதே. நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் டயர்.

அப்போது டிரைவர் கதவுக்குக் கீழே இரண்டு சின்னச் செருப்புகள் வந்து நின்றன.

"அப்பா." குரல் கிசுகிசுப்பாக இருந்தது, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "இந்த அத்தை அழறாங்கப்பா. கால் ரொம்ப வலிக்குதாம்."

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"விடச் சொல்லட்டுமாப்பா?"

வேண்டாம் என்று அவன் தலையை ஆட்டியது அவளுக்குத் தெரியவில்லை. தண்டு நடுங்கியது.

செருப்புகளின் குதிகால் மெல்ல உயர்ந்தது. ஜன்னல் சந்துக்கு வாய் எட்டுவதற்காக, அவள் நுனிக்காலில் நின்றாள்.